சிவப்பு முடிச்சு விழுந்த பொன்னாடை

அத்தியாயம் 14

பொன்னாடையில் கத்தரி விழுந்து ஐந்து நாளாகிறது. வீட்டில் இன்னும் இடி விழவில்லை. அதுதான் துர்காவுக்கு உறுத்தியது.

போன வாரம் துர்காவைக் கையில் கத்தரியோடு விட்டுவிட்டு வந்தோம். விருத்தாசலத்தில், ஜங்ஷன் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய தெருவில், சொந்த வீட்டு ஹாலிலேயே ஒட்டுப்போர்வை தைத்து விற்கிறவள் அவள். பழைய புடவை, வேட்டி, ஸ்கூல் யூனிஃபாரம் எதைக் கொடுத்தாலும் துண்டு போட்டு, ஒட்டி, உள்ளே பஞ்சு வைத்து, போர்த்திக்கொள்ளவே மனசு வராத மாதிரி அழகாக்கிவிடுவாள். பிறந்த குழந்தைக்குப் பெயர் போட்ட போர்வைகளுக்குத்தான் ஆர்டர் அதிகம். ஆனால் மூன்று மாதமாக யாரும் கேட்காத ஒன்றைத் தனக்கென்று தைக்கிறாள். ஆறடிக்கு ஐந்தடி. செராமிக் கம்பெனியின் புகைபோக்கி, அடியில் சூளை, சூளையின் வாயில் தீ.

பாண்டிச்சேரியில் கண்காட்சி நடத்துகிற சிவசங்கரி மேடம் போட்டோவைப் பார்த்ததுமே, "ஒரு சுவர் முழுக்க உங்களுக்கு" என்று சொல்லிவிட்டார். ஒரு சுவர்! இந்த வீட்டில் துர்காவுக்கென்று ஓர் ஆணி கிடையாது.

தீக்கு மட்டும் துணி அமையவில்லை. மாமியார் கண்ணம்மாள்தான் பீரோவிலிருந்து ஒரு ஜரிகைப் பொன்னாடையை எடுத்து வீசினாள். "எலி கடிச்சுது. எடுத்துக்கோ."

அந்த பீரோ மாமனாருடையது.

இன்று சாயங்காலம் நாலரைக்கு அந்த மாமனாருக்குப் பவள விழா. ஆறு மணிக்குச் சேலத்திலிருந்து பாண்டிக்குப் போகிற வேன் ஜங்ஷன் ரோட்டில் நின்று போர்வையை வாங்கிக்கொள்ளும். தவறினால் சுவர் வேறு யாருக்கோ. தீயை இன்னும் ஒட்டவில்லை.

தர்மராஜ் காலை ஆறு மணிக்கே பீரோவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அவரைத் தர்மராஜ் என்று வெறுமனே சொல்வது மரியாதையில்லை. 'பீங்கான் செம்மல்' தர்மராஜ். பட்டம் கொடுத்தது விருத்தை பீங்கான் தொழில் முன்னேற்றப் பேரவை. பேரவையின் நிறுவனர், நிரந்தரத் தலைவர் தர்மராஜ். செராமிக் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். களிமண்ணைக் கையால் தொட்டவர்கள் ஏழு மணிக்கு வந்தார்களா, ஏழு ஐந்துக்கு வந்தார்களா என்று எழுதியவர்.

"என்னா மாமா தேடறீங்க?" என்று துர்கா ஹாலிலிருந்தே கேட்டாள். மிஷின் நின்றது. இதயம் ஓடியது.

"ஒண்ணுமில்லம்மா. ஒரு பேப்பரு."

"பேப்பர போயி வேட்டி மடிப்புக்குள்ள தேடறாரு பாரு" என்றாள் கண்ணம்மாள், முருங்கைக்கீரையை உருவியபடி. அவள் முகத்தில் எதுவும் இல்லை. ஐம்பது வருஷக் குடித்தனத்தில் சம்பாதித்த முகம் அது.

தர்மராஜ் பீரோவிலிருந்து கட்டிலுக்கு அடியிலும், அங்கிருந்து பரணுக்கும் போனார். பரணிலிருந்து குரல் மட்டும் வந்தது. "கண்ணு, பீரோவுல யாராச்சும் கைய வச்சீங்களா?"

"நீங்க தேடற பேப்பரு என்னா நெறம்? சொல்லுங்க, பாக்கறேன்."

பரணில் டிரங்குப் பெட்டி இழுபடுகிற சத்தம் கேட்டது.

துர்கா அப்போது அதைக் கவனித்தாள். வீட்டில் ஒரு கைக்குட்டை காணாமல் போனாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரணைக் கமிஷன் வைக்கிறவர், இன்றைக்குத் தேடுவது என்ன என்று சொல்ல மாட்டேன் என்கிறார்.

நந்தகுமார் குளித்துவிட்டு வந்தான். துர்காவின் வீட்டுக்காரன், வாஷ்பேசினும் கிளாசெட்டும் விற்கிற ஷோரூம்காரன். போன மாதம் ஒரு விற்பனையாளர் கூட்டத்துக்குக் கோயம்புத்தூர் போய், 'குடும்பமும் தொழிலும் சமநிலை' என்ற ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டுவிட்டு, வெள்ளை போர்டு ஒன்றோடு திரும்பியிருந்தான். அதில் துர்காவின் நாளைக் கட்டம் கட்டியிருந்தான். 4.30 எழுந்திருத்தல். 5 முதல் 7 சமையல். 10 முதல் 1 தையல். 6 முதல் 7 குடும்ப நேரம். நந்தகுமார் என்று ஒரு கட்டமும் இருந்தது. அதில் எதுவும் எழுதவில்லை. இடம் பற்றாது என்பதால் இருக்கலாம்.

"ஆறே முக்கா ஆவுது. நீ இன்னும் சமையல் கட்டத்துல இருக்கணுமே?" என்றான் போர்டைப் பார்த்து.

"இட்லி ஆயிடுச்சுங்க. சாப்பாட்டு மேஜையிலதான் போர்வை இருக்குது. தட்ட கையில வச்சிக்கிங்க."

"வூடா, ஃபேக்டரியான்னே தெரியல."

"ஃபேக்டரின்னா எனக்கு ஞாயித்துக்கெழம லீவு இருக்குமே" என்றாள் துர்கா.

கண்ணம்மாள் கீரைக்குள் சிரித்தாள்.

ஒன்பது மணிக்குத் தர்மராஜ் மண்டபத்துக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பைப் போட்டார், திரும்பி வந்து பீரோவை இன்னொரு தடவை திறந்தார், மூடினார். "போயிட்டு வரேன்" என்ற குரலில் செம்மல் இல்லை.

வீடு அடங்கியதும் துர்கா தையல் மேஜைக்கு அடியிலிருந்து பொன்னாடைத் துண்டை வெளியே எடுத்தாள். அவசரத்தில் வெட்டிய அன்றைக்கு மடிப்பைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது இஸ்திரி போடத் திருப்பினாள்.

பின்பக்கத்தில், கரை மயிலின் கழுத்தருகே, ஒரு சிவப்பு முடிச்சு.

துர்காவுக்கு ஒரு பழக்கம். எந்தத் துணியைத் தைத்துச் சரிசெய்தாலும் பின்பக்கம் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டுத்தான் முடிப்பாள். இது அவள் கை. நான்கு வருஷத்துக்கு முன்னால் நல்லூரில் ஏதோ பாராட்டு விழாவுக்கு முதல் நாள் மாமனார், "கரையில ஜரிகை விட்டுப்போச்சும்மா, தெச்சுக் குடு" என்று கொடுத்தாரே, அந்தத் துணி. மயிலின் கழுத்துக்குச் சரியான ஜரிகை நூல் கிடைக்காமல் பச்சையில் தைத்துக் கொடுத்தாள். மறுநாள் சாயங்காலம் அவர் அதே மாதிரி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "நல்லூர்க்காரங்க பிடிவாதமா போத்திட்டாங்க" என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

அதே மாதிரியா, அதேவா?

துர்கா நிமிர்ந்து ஹால் சுவரைப் பார்த்தாள். வரிசையாகக் கண்ணாடி போட்ட போட்டோக்கள். நல்லூரில் தர்மராஜ். பெண்ணாடத்தில் தர்மராஜ். கருவேப்பிலங்குறிச்சி பள்ளி ஆண்டு விழாவில் தர்மராஜ். பொன்னாடை போர்த்துகிற கைகள் ஊருக்கு ஊர் மாறின. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். பெண்ணாடத்து மயிலுக்குப் பச்சைக் கழுத்து. பள்ளிக்கூடத்து மயிலுக்கும் பச்சைக் கழுத்து.

எண்ணினாள். பதினோரு போட்டோ. பதினோரு பச்சைக் கழுத்து. ஒரே மயில்.

வீட்டிலிருந்து கிளம்பும் துணி, ஏதோ ஒரு விருந்தினர் கையேறி, மேடையில் இவர் தோளேறி, வீட்டுக்குத் திரும்பிவிடும். இன்றைக்கு ஏறவேண்டியது பன்னிரண்டாவது தடவை. மனுஷன் பரணில் எதைத் தேடினார் என்று இப்போது தெரிந்தது. ஏன் சொல்லாமல் தேடினார் என்பதும்.

"அக்கா... அக்கா!" வாசலில் ஒரு பெண். கையில் நான்கு வளையல். "இதுக்கு முலாம் போட்டுக் குடுப்பீங்களா? பாத்தா பவுனாட்டமே இருக்கணும்."

வாசல் போர்டின் திருவிளையாடல் இது. ஒட்டுப்போர்வைக்கு இங்கிலீஷில் சொல்கிற 'குயில்ட்' என்று எழுதச் சொன்னாள் துர்கா. "எனக்கு இங்கிலீஷு சொல்லித்தரியா?" என்று மாமனார் பெயிண்டரை வைத்து 'துர்கா கில்ட் ஒர்க்ஸ்' என்று எழுதி மாட்டிவிட்டார். கில்ட் என்றால் தங்க முலாம். அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று பேர் கவரிங் நகையோடு வருகிறார்கள்.

"இங்க நகைக்கெல்லாம் போடறதில்லம்மா. போர்வைதான்."

"போர்வைக்குமாக்கா கில்ட்டு போடறீங்க?"

துர்கா கையிலிருந்த பொன்னாடையைப் பார்த்தாள். "ஆமா" என்றாள். அந்தப் பெண் பயந்துபோய் வளையலைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினாள்.

சிரிப்பு வந்த இடத்திலேயே கோபமும் வந்தது. பதினைந்து வருஷமாக இவருடைய 'விழாவுக்குப் போகிற வேட்டி'க்குக் கஞ்சி போட்டது யார்? "இந்த ஊர்ல எனக்கு இருக்கற மரியாதைக்கு, எம் மருமவ வூட்டுல கந்தல் தெக்கிறான்னு பேசறாங்க" என்று போன தீபாவளிக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொன்னது யார்?

போன் கிணுகிணுத்தது. சிவசங்கரி மேடம். "துர்கா, போர்வைக்குப் பக்கத்துல ஒட்டற கார்டுக்கு மூணு வரி வேணும். பேரு, என்ன துணி, சின்னதா ஒரு குறிப்பு. இப்பவே அனுப்பிடுங்க."

துர்கா நின்றபடியே தட்டினாள்.

'பெயர்: பொன்னாடை. துணி: பழைய புடவை, யூனிஃபாரம், ஜரிகைப் பொன்னாடை ஒன்று. குறிப்பு: இந்தப் பொன்னாடை ஒரே மனிதருக்குப் பதினோரு முறை போர்த்தப்பட்டது, பதினோரு முறையும் அவரே கொடுத்தனுப்பியது.'

அனுப்பினாள். பிறகு தீயின் வடிவத்துக்குத் துணியை நறுக்கி, பின்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வைத்து, சிவப்பு முடிச்சு மேலே இருக்க, ஒட்டித் தைத்தாள். ஜரிகையின் பின்பக்க இழைகள் பிசிறடித்துக்கொண்டு நின்றன. தீ இப்படித்தான் இருக்கும். நல்ல பக்கத்தில் வெறும் தங்கமாகத்தான் இருந்தது.

மிஷின் நின்றபோது கண்ணம்மாள் பின்னால் நின்றிருந்தாள்.

"முடிச்ச பாத்துட்டியா?"

துர்கா திடுக்கிட்டாள். "அத்தை, எலி கடிச்சுதுன்னு சொன்னீங்களே, எங்க கடிச்சுது?"

"எலிக்கு வேற வேல இல்ல பாரு." கண்ணம்மாள் போர்வையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஒவ்வொரு விழாவுக்கும் மொத நாளு அந்தப் பேரவை தமிழ்ச்செல்வன் வந்து பையில வாங்கிட்டுப் போவான். எனக்குத் தெரியாதுன்னு இவரு நெனப்பு. எழுவத்தஞ்சு வயசுக்காச்சும் எவனாவது ஒருத்தன் கடைக்குப் போயி, இவருக்குன்னு ஒண்ணு வாங்கிப் போடட்டுமேன்னுதான் எடுத்து ஒங்கிட்ட போட்டேன். இது இருந்தா எவன் வாங்குவான், சொல்லு?"

துர்காவின் கை போனைத் தேடியது. செய்தி போய்ச் சேர்ந்து, மேடம் படித்துவிட்டதற்கான இரண்டு நீல டிக்கும் விழுந்திருந்தது.

நாலு மணிக்குப் போர்வை முடிந்தது. தீ மேலே வரும்படி மடித்து, ஜவுளிக்கடைப் பை ஒன்றில் போட்டு, வாசல் நாற்காலியில் வைத்தாள். உடம்பெல்லாம் பஞ்சு. "வந்து எடுத்துக்கறேன் அத்தை" என்றுவிட்டுக் குளிக்கப் போனாள்.

கண்ணம்மாள் விழாப் புடவை கட்ட உள்ளே போயிருந்தாள். பட்டுச் சட்டை போட வந்த நந்தகுமார், காதில் போனோடு வாசலில் நின்று ஒரு பில்டரிடம் கிளாசெட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தான். அப்போதுதான் பைக்கில் வந்து இறங்கினார் தமிழ்ச்செல்வன், பேரவையின் செயலாளர்.

"தம்பி, அப்பா துணிய வாங்கிட்டு வரச் சொன்னாங்க. வூட்டுல எப்படியாவது கெடச்சிருக்கும்னாங்க."

நந்தகுமார் காதிலிருந்து போனை எடுக்காமலே கண்ணால் நாற்காலியைக் காட்டினான். தமிழ்ச்செல்வன் பையை விரித்துப் பார்த்தார். ஜரிகை மின்னியது. முகம் மலர்ந்துவிட்டது. "இதேதான். பழகுன துணியாச்சே!" தூக்கியவர் ஒரு கணம் தடுமாறினார். "என்னா இவ்ளோ கனம்... புதுசா லைனிங் குடுத்திருக்காங்க போல."

துர்கா ஈரத் தலையோடு வெளியே வந்தபோது நாற்காலி மட்டும் இருந்தது.

"என்னங்க, இங்க இருந்த பை?"

"தமிழ்ச்செல்வன் வந்து வாங்கிட்டுப் போனாரே. அப்பாவுக்கு ஏதோ துணியாம்."

துர்கா ஸ்கூட்டியை எடுத்தாள். கண்ணம்மாள் பாதிப் புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்து பின்னால் ஏறினாள். போர்டின்படி அது தையல் நேரமா, குடும்ப நேரமா என்று யாரும் பார்க்கவில்லை.

அவர்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி நாலே முக்கால். மைக் தமிழ்ச்செல்வன் கையில் இருந்தது. "களிமண்ணோடு கலந்தவர்! சூளைத் தீயில் வெந்தவர்! பீங்கான் செம்மல் ஐயா அவர்களுக்கு இப்போது பொன்னாடை போர்த்தப்படுகிறது!"

சிறப்பு விருந்தினர், ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர், பையில் கையை விட்டு இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. மேடையில் இருந்த இரண்டு பேர் எழுந்து ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். புகைபோக்கி வந்தது. சூளை வந்தது. துணை வட்டாட்சியர் தன் பணிக்காலத்தில் பார்க்காததையெல்லாம் பார்த்தவர் போலத் தமிழ்ச்செல்வனைப் பார்த்தார். தமிழ்ச்செல்வன் கை தட்டினார். வேறு என்ன செய்வார்? கூட்டமும் தட்டியது.

போர்த்திவிட்டார்கள். தர்மராஜ் கழுத்துக்குக் கீழே காணாமல் போனார். பஞ்சு வைத்த போர்வை, பட்டுச் சட்டை, ரோஜா மாலை, புழுக்கம். மூக்குக்கண்ணாடி வேர்வையில் வழுக்கி மடியில் விழுந்தது. ஆனால் மைக்கைக் கண்டதும் குரல் தானாகவே எழுந்தது.

"என் வாழ்நாளில் எத்தனையோ பொன்னாடைகள் பார்த்தவன் நான்..."

'ஒண்ணுதான்' என்று கண்ணம்மாள் முணுமுணுத்தது துர்காவுக்கு மட்டும் கேட்டது.

"...இது என் மருமகள் தைத்தது! இதைப் பேரவை அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வருங்காலச் சந்ததிகள்..."

கண்ணாடிப் பெட்டி! மூன்று மாதம் விடியற்காலை நாலரைக்கு எழுந்தது கண்ணாடிப் பெட்டிக்கா? துர்கா படியேறினாள். கூட்டம் அதற்கும் கை தட்டியது. தலையில் ஈரத்துண்டோடு மேடைக்கு வந்த மருமகள், பாசத்தின் உச்சம்.

காலில் விழுகிற மாதிரி குனிந்து, காதருகே சொன்னாள்.

"மாமா, இது ஆறு மணி வண்டிக்குப் பாண்டிக்குப் போவணும்."

"மேடையில போட்டத திருப்பிக் கேக்கறதாம்மா?" அவர் உதடு அசையாமல் பேசினார். அது பழக்கம்.

"நடுவுல தீ மாதிரி இருக்குதே, அதத் தொட்டுப் பாருங்க. ஒரு முடிச்சு இருக்கும். நல்லூர் விழாவுக்கு மொத நாளு நான் போட்டது."

தர்மராஜின் விரல்கள் போர்வைக்கு மேலே நகர்ந்தன. ஜரிகையைத் தொட்டன. கண்ணாடி இல்லாமலே அவருக்கு அந்தத் துணி தெரிந்தது. விரல் முடிச்சில் நின்றது. கூட்டம் காத்திருந்தது. துணை வட்டாட்சியர் மணி பார்த்தார்.

அவர் மைக்கை மறுபடி எடுத்தார். குரல் நடுங்கவில்லை.

"ஆனால்! கலைக்குக் கண்ணாடிப் பெட்டி எதற்கு? இந்தப் போர்வை பாண்டிச்சேரி கண்காட்சிக்குச் செல்கிறது! வரும் ஞாயிற்றுக்கிழமை பேரவை உறுப்பினர்கள் அனைவரும் இரண்டு பஸ்ஸில் சென்று அதைக் கண்டு களிப்போம்!"

இந்த முறை கைதட்டல் நிஜமாகவே பலமாக இருந்தது. இலவச பஸ்.

ஐந்தே முக்காலுக்கு ஜங்ஷன் ரோட்டில் ஸ்கூட்டி போய்க்கொண்டிருந்தது. பின் சீட்டில், மாலையைக்கூடக் கழற்றாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு தர்மராஜ். தானே கொடுத்தனுப்புவேன் என்று பிடிவாதம். கொடுத்தனுப்பித்தான் பழக்கம்.

மாலையை ஒதுக்கிக்கொண்டு அவள் காதருகே குனிந்தார்.

"அந்த முடிச்ச வேற யாரு பாத்தாங்க?"

"அத்தை பாத்தாங்க மாமா. அவங்கதான் எடுத்துக் குடுத்தாங்க."

ஒரு லாரி கடந்து போனது.

"கம்பெனியில ஒருத்தனும் எம் பேரச் சொன்னதில்ல துர்கா. 'டைமு'ன்னுதான் கூப்பிடுவானுங்க. 'டேய், டைமு வரான்டா.' முப்பத்திரெண்டு வருஷம்." பையைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். "அது எத்தினி தடவ எந்தோள்ல ஏறியிருக்குது. ஒரு தடவ கூட கனமா இருந்ததில்ல. இன்னிக்கு இருந்துச்சு."

துர்கா வண்டியை மெதுவாக்கினாள். காலையில் தட்டிய மூன்று வரியும் கண்ணுக்கு முன்னால் ரோட்டில் ஓடின.

வேன் வந்தது. தர்மராஜ் பையை இரண்டு கையாலும் டிரைவரிடம் நீட்டி, போட்டோவுக்காக ஒரு கணம் அப்படியே நின்றார். போட்டோ எடுக்க யாரும் இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது. வேன் கிளம்பியது. போர்வை போய்விட்டது. சுவர் துர்காவுக்குத்தான்.

போன் கிணுகிணுத்தது.

'துர்கா, குறிப்பு பிரமாதம்! ஒரு எழுத்துகூட மாத்தல. காலையில பிரிண்டுக்குப் போகுது. அடியில ஒரு பேருக்கு இடம் இருக்கு. யார் பேரைப் போடட்டும்?'

"பாண்டிச்சேரியா?" தர்மராஜ் எட்டிப் பார்த்தார். "கார்டு கீர்டு அடிப்பாங்களே, கீழ எம் பேரு வரணும்மா. பட்டத்தோட."

சட்டைப் பையைத் தடவினார். இடுப்பைத் தடவினார். மாலைக்குள்ளும் துழாவிப் பார்த்தார்.

"கண்ணாடிய மேடையிலயே விட்டுட்டு வந்துட்டேன் போலிருக்குது. நீயே படி. இதுவரைக்கும் என்னா எழுதியிருக்குதுன்னு சத்தமா படிம்மா, கேப்போம்."